டிக்கெட் அக்கா ஊர் பார்க்கப் போனது

மணிக்கூண்டின் அடிவாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வாசல், அதே மூலை. ஸ்டூல் மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது. மதிலுக்குள் இருந்த அந்தப் பழைய ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. கடைக்காரர்களுக்கும் தபால்காரருக்கும் சந்தில் வண்டியை விடாதே என்று விசில் ஊதும் போலீஸ்காரருக்கும் அவள் டிக்கெட் அக்கா.

எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி வருகிறவர்கள் அவளிடம் கேட்பது ஒரே கேள்விதான். மேலே ஏறிப் பார்ப்பது வீண்போகாதே? மூட்டு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூண்டை மூடுவதற்கு முன்னால் மேலே யாரும் தங்கிவிடவில்லை என்று ஒரு ஆள் ஏறிப் பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த ஒரு ஆளும் அவள்தான். நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. கணக்கில் புலியான ஒரு பயணி, அவள் இதுவரை ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உலகத்திலேயே உயரமான மலையை இருபத்தாறு தடவை ஏறியதற்குச் சமம் என்று தாளில் போட்டுக் காட்டினான். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “மலையில ஏறியிருந்தா ஒரு தடவையாவது உச்சியில கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இங்க ஏறின கையோட இறங்கணும்” என்றாள்.

பழைய ஊரில் குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் இரண்டு நாள் இருப்பவர்கள். கல்சுவர் வருஷத்தில் ஆறு மாசம் ஈரம் கசியும் என்பதோ, ஜன்னல் சட்டம் உளுத்துப்போனாலும் அதே மாதிரி மரத்தில்தான் செய்து போடவேண்டும் என்று பழைய கட்டிடங்களைக் காக்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. துவைத்த துணியைத் தெருப் பக்கம் காயப்போடக் கூடாது, போட்டோ கெட்டுப்போகும். அவள் பின்பக்கத்துக் காற்றில்லாத இடுக்கில் காயப்போட்டு, பாதி காய்ந்ததை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போவாள்.

அவள் புருஷன் அப்படியில்லை. அவருக்கு அந்த ஊர் என்றால் உயிர். அவர் வழிகாட்டி. மஞ்சள் குடை ஒன்றை மடக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், பின்னால் இருபது முப்பது பேர் வாத்துக்கூட்டம் மாதிரி போவார்கள். அதனால் அவர் குடைக்காரர். மூன்று பாஷையில் அடைமழையாகப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் வாயைக் கழற்றி ஆணியில் மாட்டியது போல இருப்பார். அவளுக்கு அதில் மனக்குறை எதுவும் இருந்ததில்லை. பகல் முழுக்க ஜனங்களின் சத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருப்பதே பெரிய உபகாரம். ஒரு மகள். அவளும் படிப்பு முடித்து, பல் மருத்துவமனையில் வேலை கிடைத்து, வெளிநாட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குடைக்காரர் விழுந்தது ஒரு வெயில் நாளில், நீரூற்றுச் சதுக்கத்தில். “இந்த நீரூற்றைக் கட்டினவர்” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். கூட்டம் மரியாதையாகக் காத்திருந்தது. சுவாரஸ்யத்துக்காக நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் போனை உயர்த்திப் படம்கூட எடுத்துக்கொண்டிருந்தாராம். குடை கையிலிருந்து நழுவி, வலது கால் மடங்கி, அவர் நீரூற்றின் விளிம்பில் சாய்ந்த பிறகுதான் யாருக்கோ உறைத்தது. ஆம்புலன்ஸ் கோட்டைவாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சந்துகளுக்குள் கழுதை வண்டி போகலாம், அது போகாது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் கிழித்த டிக்கெட் துண்டுகள் மடியிலிருந்து உதிர உதிரப் பின்னாலேயே ஓடினாள்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின. பேச்சு போயிற்று. ஆயிரம் கதை சொன்ன வாயில் மிஞ்சியவை இரண்டே சொற்கள். ஒன்று, “அதாவது.” இன்னொன்று, “இப்படி வாங்க.” அவர் தொழிலில் மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்ன சொற்கள் என்பதால் அவை மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு தண்ணீருக்கும் “அதாவது”தான், பசிக்கும் “அதாவது”தான், ஜன்னலைச் சாத்து என்பதற்கும் அதேதான். எந்த இழுப்பு எதற்கு என்று அவள் ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டாள். கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் மட்டும் “இப்படி வாங்க” என்பார். பொண்டாட்டியை வாங்க போங்க என்று அவர் கூப்பிட்டது கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அப்போதுதான்.

வீடு மூன்றாவது மாடியில். குறுகலான சுழல் படி, அறுபத்தொன்று. லிஃப்ட் வைக்க அனுமதி கிடையாது. அவரை இறக்க முடியாது என்பதால் அவர் மேலேயே இருந்தார். அவள் காலையில் எழுந்து அவரைக் குளிப்பாட்டி, கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊட்டிவிட்டு, அறுபத்தொரு படி இறங்கி வேலைக்குப் போவாள். மத்தியானம் ஏறி வருவாள், இறங்குவாள். ஐந்து மணிக்குக் கூண்டில் ஏறுவாள், இறங்குவாள். பிறகு திரும்பவும் வீட்டுக்கு ஏறுவாள். கீழ்த்தளத்துத் தொப்பிக்கடைக்காரி இடையில் ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்வாள், நல்லவள். ஆனாலும் எத்தனை நாளைக்கு என்று அவளும் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

பதினாலு மாசம் இப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில் குடைக்காரர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, நடுவில் நேராகக் கிழித்து, ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டபோது அவள் இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே மகள் இருவருக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டாள். மகள் இருந்த இடத்திலிருந்து இரண்டு மணிநேர ரயில் தூரத்தில் ஒரு பழைய நகரம். ஆற்றை ஒட்டி மதில், பாலம், கோபுரம், எல்லாம் உண்டு. யாரோ ஒரு பயணி விட்டுவிட்டுப் போன புத்தகத்தில் அந்த நகரத்தின் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை போய் அவங்க எப்படிச் சுத்திக் காட்டுறாங்கன்னு பார்க்கணும் என்று குடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தது மகளுக்கு நினைவில் இருந்திருக்கிறது.

அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. இங்கே உட்கார்ந்து பார்க்கிற கல் போதாதென்று லீவு போட்டு இன்னொரு ஊர்க் கல்லைப் போய்ப் பார்க்கவேண்டுமா என்றாள். அவரை எப்படி இறக்குவது, எப்படி ஏற்றுவது என்றாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்.

“நீ ஒண்ணும் பார்க்க வேண்டாம்மா. நீ வந்து தூங்கு. அப்பாவை நான் பார்த்துக்கிறேன்.”

தூங்கு என்ற அந்தச் சொல்லுக்குத்தான் அவள் கிளம்பினாள்.

தொப்பிக்கடைக்காரி பிடித்துக்கொடுத்த நாலு பேர் குடைக்காரரைப் படியில் தூக்கி இறக்கினார்கள். போய்ச் சேர்ந்ததும் மகளின் வீட்டில் இரண்டு நாள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். சாப்பிட எழுப்பினால் எழுந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். பக்கத்து அறையில் “அதாவது” என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தானாக எழுந்து உட்காரும். மகளின் காலடி ஓசை கேட்டதும் திரும்பச் சாயும். மூன்றாம் நாள் அந்தப் பழைய நகரத்துக்குப் போனார்கள்.

ரயிலடியிலேயே சக்கர நாற்காலி கிடைத்தது. மதில்வாசல் வரைக்கும் ஒன்றும் தொந்தரவில்லை. உள்ளே போனதும் உருண்டைக் கல் பாவிய தெரு. நாற்காலி தடதடவென்று ஆட ஆரம்பித்தது. குடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். “அ-தா-வ-து” என்று அது நாலு துண்டாக வெளியே விழுந்தது. மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிக்கெட் அக்கா மட்டும் கல்லைப் பார்த்தாள். இங்கேயும் மழை பெய்தால் வழுக்கும், இங்கேயும் யாராவது கூட்டித் துடைக்கிறவள் இருப்பாள் என்று நினைத்தாள்.

சுற்றிக் காட்டும் நடைக்கு மகள் முன்பே பதிவு செய்திருந்தாள். வழிகாட்டி ஒரு பருத்த பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். ஒரு கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். அவள் பேசிய பாஷை குடைக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிக்கெட் அக்காவுக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது எத்தனை பேர், தலை பத்திரம், ஐந்து மணிக்கு மூடிவிடுவோம், இவ்வளவுதான்.

முதல் இடத்தில் அந்தப் பெண்மணி பேச ஆரம்பித்ததும் குடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையணை வைத்து முட்டுக்கொடுத்தாலும் சரிந்துவிடுகிற முதுகு, தானாக நிமிர்ந்தது. அவர் கட்டிடத்தைப் பார்க்கவில்லை. வழிகாட்டியின் கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். கூட்டத்தின் முதுகில் வெயில் விழும்படி நிறுத்தியிருந்தாள். தலையாட்டினார். இரண்டாவது இடத்தில் அவசரத்தில் எல்லாரையும் வெயிலுக்கு நேராக நிறுத்திவிட்டாள். குடைக்காரர் நாக்கைத் தட்டி ‘த்சொ’ என்றார். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார்.

கோபுரத்தடிக்கு வந்தார்கள். வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னவோ சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெண் ஐயோ என்பது போல வாயைப் பொத்தினாள். டிக்கெட் அக்காவுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் இறங்குகிற விதம், நடுவில் விடுகிற இடைவெளி, இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோன கை, எல்லாம் எங்கேயோ கண்டது போலிருந்தது. மகள் அவள் காதருகில் குனிந்தாள்.

“அம்மா, இது அப்பா சொல்ற கதை. அப்படியே அதே கதை.”

கோபுரத்து மணியை வார்த்தவனின் கண்ணை ராஜா பிடுங்கிவிட்டான், இதுபோல இன்னொரு மணியை வேறு எந்த ஊருக்கும் அவன் வார்த்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கதைதான். குடைக்காரர் தன் ஊர் மணிக்கூண்டின் கீழே நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு மேல் சொன்னது. நாளைக்கு நாலு தடவை அவள் ஸ்டூலுக்குப் பத்தடி தூரத்தில் சொன்னது. கல்யாணமான புதிதில், நிஜமாவே கண்ணைப் பிடுங்கினானா என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டாள். அவருக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தன் ஊர்க் கதையை ஒருத்தி சந்தேகப்படுவதா என்று. அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை.

இப்போது நாற்காலி ஆட ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே ஆடியது. குடைக்காரரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர், முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதம் இரண்டாவது தடவை வந்துவிட்டது என்று நினைத்து அவள் முன்னால் ஓடி மண்டியிட்டு அவர் முகத்தைப் பிடித்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அசைகிற பாதி முகத்தால் சிரித்தார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “அதாவது... அதாவது...” என்று இழுத்தார். பிறகு சொன்னார்.

“பொய்.”

பதினாலு மாசத்தில் வந்த முதல் புதுச் சொல். இரண்டு எழுத்து. அவள் மண்டியிட்டபடியே இருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, நடுவில் என்னவோ தடுக்கி அழுகையாகவும் போயிற்று. கூட்டம் விலகி வட்டமாக நின்றது. வழிகாட்டி வந்து டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவரும் வழிகாட்டிதான் என்று மகள் விஷயத்தைச் சொன்னாள்.

கூட்டத்தை மேலே ஏற அனுப்பிவிட்டு அந்தப் பெண்மணி திரும்பி வந்து, நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தாள். தனக்கு முன்னாலிருந்த வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் தானும் சொல்வதாகவும், எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று எழுதியிருப்பதாகத் தெரியவில்லை என்றும், ஒரு வருஷம் சொல்லாமல் விட்டுப் பார்த்ததில் கதையைக் கேட்கத்தான் வந்தோம் என்று ஜனங்கள் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னாள். மகள் பாஷை மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். குடைக்காரர் இடது கையை நீட்டி அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெயில் விஷயத்தையும் சொல்லப் பார்த்தார் போல, சூரியனைக் காட்டினார், அவள் முகத்தைக் காட்டினார். அவளுக்கு அது புரியவில்லை. நல்ல நாள்தான், மழையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“நீயும் மேல போய்ப் பார்த்துட்டு வாயேம்மா” என்றாள் மகள். அம்மா பார்த்த பார்வையில் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கோபுரத்து வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் யாரும் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. சீட்டைக் காட்டினால் திறந்து விட்டு மூடிக்கொண்டது. மூடுகிற நேரத்தில் மேலே யார் ஏறிப் பார்ப்பார்கள் என்று மகளை விட்டு அங்கிருந்த காவலாளியிடம் கேட்கச் சொன்னாள். கேமரா இருக்கிறது, யாரும் ஏற வேண்டியதில்லை என்றான். அவள் அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கே தன் ஊரிலும் இது வந்துவிடும், தன் ஸ்டூலை எடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. பயம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முழங்கால் கிடையாது, அதனால் அதற்கு வலிக்காது என்று மட்டும் நினைத்தாள்.

“எனக்கு அலுப்பா இருக்குடி” என்றாள் மகளிடம். “உங்கப்பா மேல இல்ல. அவர் என்ன பண்ணுவார். எல்லாத்து மேலயும். படியைக் கண்டாலே எனக்கு அழுகை வருது.”

“ஏம்மா இத்தனை நாள் சொல்லல?”

“யார் கேட்டா?” என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே யாரும் கேட்டார்களா என்று நினைத்துப் பார்த்துக் கேட்டாள்.

தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போன மகள், திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் கோபுரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்கள். அம்மாவின் கை நாற்காலியின் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு ஜோடி, கோபுரத்தோடு சேர்த்து அவர்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மகள் நடுவில் போய் நின்று மறைத்தாள்.

அப்புறம் பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு மாசம் குடைக்காரர் எல்லாவற்றுக்கும் “பொய்” என்றார். உப்பு குறைவென்றால் பொய், டாக்டர் வந்தால் பொய். தொப்பிக்கடைக்காரி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும் அதையே சொல்லி அவள் மனசைப் புண்படுத்தினார். பிறகு நாலைந்து சொல் வந்தது. அதோடு நின்றது. இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

மாறியது அவள்தான். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்துக்குப் போய், இனிமேல் சாயங்காலம் நான் மேலே ஏறமாட்டேன் என்றாள். மேலதிகாரி விதிமுறையை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு ஆள்னுதான் இருக்கு சார். நான்னு எழுதலையே” என்றாள். இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், கூட்டிப் பெருக்கத் தினமும் எப்படியும் மேலே போகிற துப்புரவுக்காரரிடம் அந்த வேலை போயிற்று. அவர் கீழே இறங்கி வந்து அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். அவளுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் வீட்டையும் மாற்றினாள். மதிலுக்கு வெளியே, பஸ் நிலையத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில் இரண்டு அறை. சிமெண்டுச் சுவர், அலுமினிய ஜன்னல். எந்த ஊரிலும் யாரும் நின்று பார்க்காத கட்டிடம். பழைய ஊரை விட்டுப் போகிறாயே, மனசு கேட்குமா என்று பலர் கேட்டார்கள். மனசு கேட்காமல் இருக்கும் என்று அவளும் எதிர்பார்த்தாள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. குடைக்காரரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிச் சுழல் படியில் இறக்கியபோது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கோட்டைவாசலைத் தாண்டிய பிறகுதான் திறந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அது வருத்தமா, அலுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை கூண்டுக்கு விடுமுறை. புது வீட்டில் மூன்றாவது திங்கட்கிழமை மத்தியானம், துணியை வாசலிலேயே கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். எதிரே டயர் கடையில் ஒரு பஸ்ஸை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குடைக்காரர் ஜன்னலோரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முதலில் படுக்கத்தான் வந்தாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அது நேராகப் பொருந்தவில்லை, மறுபடி கழற்றினார்கள். கடைக்காரர் யாரையோ திட்டினார். கடைசி நட்டை முறுக்கி, பஸ் தரையில் இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகு அவள் எழுந்துபோய்ப் படுத்தாள்.